கேமராவில் ஒரு தரிசனம்



இந்த மாதப் படிப்பு வட்டத்தின் தலைப்பு 'இயற்கையும் இறைவனும்'. "நீதான் எப்பப் பார்த்தாலும் கேமராவும் கையுமா சுத்துறியே, நீயே எழுது" என்று எங்கள் கிளைத் தலைவர் அண்ணன் சொல்லிவிட்டார். நான் மின்னியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். சமயப் பேச்சாளன் இல்லை. அதனால் எனக்கு நடந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். அது பெருமைப்படுற கதை இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பரிசு வாங்கிய படம்

போன வருஷம் நான் படிக்கும் இடத்தில் ஒரு புகைப்படப் போட்டி வைத்தார்கள். அதற்காக பொந்தியான் பக்கம் ஒரு கடற்கரைக்குப் போனேன். இடத்தின் பெயர் வேண்டாம். நம்ம ஆளுங்க திருவிழா முடிந்து கரகம் விடுவதற்கும், பதினாறாம் நாள் காரியம் செய்வதற்கும் போகிற இடம் அது. பக்கத்திலேயே சதுப்புநிலக் காடு.

காலை ஆறே முக்கால். வெளிச்சம் அப்போதுதான் வருது. பாக்காவ் மரங்களின் முட்டுவேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கின்றன. ஒரு வேரில் செவ்வந்தி மாலை ஒன்று சிக்கியிருந்தது. யாரோ எதற்கோ வேண்டிக்கொண்டு விட்ட மாலை. பார்த்ததும் மனசு நின்றுபோச்சு.

ஆனால் அந்த மாலையைச் சுற்றி வேறு என்னென்ன இருந்தது தெரியுமா? நல்லெண்ணெய் பாக்கெட், கற்பூர டப்பா, பாலிஸ்டிரீன் சாப்பாட்டுப் பெட்டி, மினரல் வாட்டர் போத்தல். ஒரு சிவப்பு நெகிழிப் பை வேரிலேயே சுற்றிக்கிடந்தது.

நான் என்ன செய்தேன்? முக்காலியை நிறுத்தி, லென்சுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்பு ஃபில்டரைப் போட்டு, ஷட்டரை 30 வினாடி திறந்து வைத்தேன். இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் அசையாத பொருள் மட்டும்தான் தெளிவாகப் பதியும். அலை எல்லாம் பனிமூட்டம் மாதிரி ஆகிவிடும். மிதந்து போகும் குப்பையும் அதோடு கரைந்து காணாமல் போய்விடும். வேரில் சிக்கிய சிவப்புப் பை மட்டும் அசையவில்லை, அதனால் படத்தில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் அதை அழித்தேன். ரெண்டே நிமிஷ வேலை.

'அன்னையின் பாதம்' என்று பெயர் வைத்து அனுப்பினேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. "ஆன்மிக அமைதி தெரிகிறது" என்று நடுவர் ஒருவர் பாராட்டினார்.

படத்தைச் சட்டம் போட்டு, பாட்டியிடம் காட்டினேன். பாட்டி குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் வெட்டுக்குப் போகும்போது, அரசமரத்தடி முனியாண்டிக்கு ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் போவாராம். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அழகா இருக்குய்யா. ஆனா அன்னைக்கு வந்து ஒரே குப்பைன்னு சொன்னியே, அதெல்லாம் எங்க?"

"எடுத்துட்டேன் பாட்டி."

"தண்ணியில இருந்தா?"

"இல்ல பாட்டி. படத்துல இருந்து."

பாட்டி ஒன்றும் திட்டவில்லை. "ம்ம்" என்று மட்டும் சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த "ம்ம்" தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அதற்குப் பிறகு நான் படித்ததையும் செய்ததையும் உங்களோடு பகிர்கிறேன்.

பார்ப்பதும் பார்க்கப்படுவதும்

நாம கோயிலுக்குப் போவதை எப்படிச் சொல்கிறோம்? 'சாமி பார்க்கப் போறேன்', 'தரிசனத்துக்குப் போறேன்' என்கிறோம். தரிசனம் என்றால் காண்பது. ஆனால் நாம மட்டும் பார்த்துவிட்டு வருவது தரிசனம் ஆகாது. சாமியும் நம்மைப் பார்க்கணும்.

இதற்காகவே நம் சிற்ப மரபில் ஒரு சடங்கு உண்டு. சிலையின் மற்ற வேலை எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் கண்ணைத் திறப்பார்கள். 'கண் திறத்தல்' என்கிற அந்த நேரம் வரைக்கும் அது கல். அதற்குப் பிறகு நம்மைப் பார்க்கும் தெய்வம். கும்பாபிஷேகத்துக்கு முன் நடக்கும் இந்தச் சடங்கை உங்களில் சிலர் நேரில் பார்த்திருப்பீர்கள்.

இப்போது இதை இயற்கைக்குப் பொருத்திப் பாருங்க. நம் முன்னோர்கள் மரம், ஆறு, மலை, கடல் எல்லாவற்றையும் வெறும் காட்சியாக நினைக்கவில்லை. ஒவ்வொரு பழைய கோயிலுக்கும் ஒரு தலவிருட்சம் இருக்கு, ஒரு தீர்த்தம் இருக்கு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில், சிலை செய்ய மரம் வெட்டப் போவதைப் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. வெட்டுவதற்கு முன் மரத்துக்குப் பூசை செய்து, அதில் குடியிருக்கும் உயிர்களை வேறிடம் போகும்படி வேண்டிக்கொள்ளணும். வெட்டுகிறவன் அந்த மரம் தன்னைப் பார்க்கிறது என்ற நினைப்போடு போகிறான்.

அந்த விடியற்காலையில் நான் காட்டைப் பார்த்தேன். காடு என்னைப் பார்க்கிறது என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சமும் இல்லை. அந்த நினைப்பு இருந்திருந்தால், வேரில் சுற்றிய பையைக் கையால் எடுத்திருப்பேன், மவுசால் எடுத்திருக்க மாட்டேன்.

தில்லை என்பது நம்ம ஊர் மரம்

பாட்டியின் கேள்விக்குப் பிறகு சதுப்புநிலத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். ஜொகூரில் இருக்கும் நமக்கே பல பேருக்குத் தெரியாத விஷயம்: தஞ்சோங் பியாய், குக்குப் தீவு, சுங்கை பூலாய் ஆகிய மூன்று இடங்களும் 2003 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. தஞ்சோங் பியாய் ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை. அதற்குப் பிறகு கடல்தான். அந்த முனையில் நிலத்தைப் பிடித்துவைத்திருப்பது இந்த வேர்கள். கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் உப்புச் சேற்றில், முட்டுவேரால் நின்று, மூச்சுவேரால் சுவாசித்து, மீனுக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் தொட்டில் கட்டித் தருகின்றன.

அடுத்த தகவல் என்னை உட்கார வைத்துவிட்டது. சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை என்று நமக்குத் தெரியும். நடராசர் ஆடும் அந்தத் தலத்தின் விருட்சம் தில்லை மரம். அந்தத் தில்லை ஒரு சதுப்புநில மரம். சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் இன்றும் வளருது. அதே மரம் நம் மலேசியக் கரையிலும் வளருது. மலாயில் அதன் பெயர் 'பூத்தா-பூத்தா'. 'பூத்தா' என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் கொஞ்ச காலத்துக்குப் பார்வையே போய்விடும். அதனால் சதுப்புநிலத்துக்குப் போனால் தெரியாத கிளையை ஒடிக்காதீங்க.

யோசித்துப் பாருங்க. தேவாரம் பாடப்பட்ட காலத்திலேயே 'தில்லை' என்று நம் பெரியவர்கள் உருகிய அந்தக் காட்டின் உறவுக்காரக் காடு, ஸ்கூடாயிலிருந்து காரில் கிளம்பினால் காலைப் பசியாறும் நேரத்துக்குள் வந்துவிடுகிறது. அங்கேதான் நாம பாலிஸ்டிரீன் பெட்டியை விட்டுவிட்டு வருகிறோம்.

ஒரு தமிழர், ஒரு புகைப்படக்காரர், கொஞ்சம் மேகம்

'இது எல்லாம் சரி, புகைப்படத்துக்கும் இந்து சமயத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பவர்களுக்காக ஓர் உண்மைச் சம்பவம்.

ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை இலங்கைத் தமிழர் சர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். நம்மைப் போல அறிவியல் படித்தவர்தான். லண்டனில் நிலவியலும் தாவரவியலும் படித்து, இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு முதல் இயக்குநர் ஆனார். தோரியனைட் என்ற கனிமத்தை 1904இல் கண்டெடுத்தவர் அவர். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர், கிராமத்துக் கைவினைஞர்களையும் கோயில் சிற்பங்களையும் பார்த்து, தன் வாழ்க்கையையே கலை ஆராய்ச்சிக்குத் திருப்பினார். நடராசர் தாண்டவத்தின் பொருளை ஆங்கிலம் படிக்கும் உலகத்துக்கு விளக்கிய 'சிவ நடனம்' என்ற நூல் 1918இல் வந்தது. அப்போது அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியில் இருந்தார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஆல்பிரட் ஸ்டிக்லிட்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் இருந்தார். இவரும் நம்ம வகை. 1880களில் பெர்லினுக்கு இயந்திரப் பொறியியல் படிக்கப் போய், அங்கே ஒரு வேதியியல் பேராசிரியரின் வகுப்பில் புகைப்படத்தின்மேல் காதல் கொண்டவர். அந்தக் காலத்தில் புகைப்படத்தைக் கலை என்று யாரும் எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இயந்திரம் செய்கிற வேலைதானே என்பார்கள். பெரிய அருங்காட்சியகங்கள் வாங்கி வைக்காது. 1924இல் குமாரசுவாமியின் முயற்சியால் ஸ்டிக்லிட்ஸின் 27 படங்கள் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குள் போயின. புகைப்படத்தைக் கலையாக ஏற்றுக்கொண்ட முதல் சில பெரிய அருங்காட்சியகங்களில் அதுவும் ஒன்றானது. அதற்குப் பின்னால் நின்றவர் நடராசரைப் பற்றி எழுதிய ஒரு தமிழர்.

ஸ்டிக்லிட்ஸ் 1922 முதல் மேகங்களைப் படம் எடுக்கத் தொடங்கினார். பல படங்களில் அடிவானம் இல்லை, மரம் இல்லை, எது மேல் எது கீழ் என்றுகூடத் தெரியாது. வெறும் மேகமும் ஒளியும். 200க்கும் மேற்பட்ட அந்தப் படங்களுக்கு 'ஈடானவை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். என் உள்ளே நடந்ததற்கு இந்த மேகம் ஈடு என்பது அவர் கருத்து.

இதை வாசித்ததும் எனக்கு எஸ்.பி.எம். தமிழ் இலக்கிய வகுப்புதான் ஞாபகம் வந்தது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள்! நிலமும் பொழுதும், அங்கே இருக்கும் பறவையும் மரமும் தெய்வமும், அதற்கு உரிய மன உணர்வு. மலை என்றால் முருகன், காடு என்றால் திருமால், வயல் என்றால் இந்திரன், கடற்கரை என்றால் வருணன் என்று தொல்காப்பியம் நிலத்தோடு தெய்வத்தையும் சேர்த்தே வைக்கிறது. கடலோரத்து நெய்தலுக்கு உரிய உணர்வு இரங்கல், அதாவது வருந்தி ஏங்குவது. மனிதனின் உள்ளமும் வெளியில் இருக்கும் நிலமும் வேறு வேறு இல்லை என்பது நமக்குப் பழைய பாடம். ஸ்டிக்லிட்ஸ் கேமரா வழியாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

தியானம் முதலில், கிளிக் பிறகு

1934இல் குமாரசுவாமி, கலையில் இயற்கை எப்படி உருமாறுகிறது என்பதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அதில் அவர் அழுத்திச் சொல்வது இந்தியக் கலைஞன் வேலை செய்யும் முறையை. சிற்பி உளியை எடுப்பதற்கு முன் தியானத்தில் அமர்கிறான். தியான ஸ்லோகத்தின் துணையோடு உருவத்தை மனதுக்குள் முழுதாகக் காண்கிறான். அதோடு ஒன்றாகிறான். பிறகுதான் கை வேலை செய்கிறது. சுக்ரநீதி போன்ற நூல்களும் இந்தத் தியானத்துக்கே முதலிடம் தருகின்றன.

கேமராவுக்கு இது பொருந்துமா? அமெரிக்க இயற்கைப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸின் வாழ்க்கையில் பதில் இருக்கு. 1927 ஏப்ரல் 10ஆம் தேதி, யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 'ஹாஃப் டோம்' என்ற பெரும்பாறைக்கு எதிரே நின்றார். கையில் மிச்சம் இரண்டே கண்ணாடித் தகடுகள். மஞ்சள் ஃபில்டரில் ஒன்றை எடுத்தார். எடுத்த பிறகுதான், அந்தப் பாறை தனக்குள் உண்டாக்கிய உணர்வு இதில் வராது என்று புரிந்தது. மனதுக்குள் படத்தை முதலில் பார்த்தார்: கிட்டத்தட்டக் கறுத்த வானம், அதற்கு எதிரே எழுந்து நிற்கும் பாறை. சிவப்பு ஃபில்டருக்கு மாற்றிக் கடைசித் தகட்டைப் பயன்படுத்தினார். அவர் பேர் சொல்லும் படமாக அது ஆனது.

ஆடம்ஸும் ஃபில்டர் போட்டார், நானும் ஃபில்டர் போட்டேன். அவரும் கண்ணால் கண்டதை அப்படியே காட்டவில்லை. அப்படியென்றால் நான் செய்ததில் என்ன தப்பு? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் குழப்பியது.

நான் கண்டுபிடித்த பதில் இதுதான். ஆடம்ஸின் ஃபில்டர், அவர் உணர்ந்ததை மற்றவர்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. என் ஃபில்டர், நான் உணர்ந்ததை மறைத்தது. அன்று காலையில் மாலையைப் பார்த்து வந்த பக்தி உண்மை. பையைப் பார்த்து வந்த வெட்கமும் உண்மை. நான் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டேன். இன்னொன்றும் உண்டு. ஆடம்ஸ் படத்தோடு நிறுத்தவில்லை. சியரா நெவாடா மலைத்தொடரைப் பற்றி அவர் 1938இல் வெளியிட்ட படத்தொகுப்பு, 1940இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா அமைவதற்குத் துணை செய்தது. அவர் கும்பிட்ட மலைக்குக் காவலும் இருந்தார்.

திரும்பப் போனோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் ஆறு பேரோடு அதே இடத்துக்குப் போனேன். இந்தத் தடவை கையுறை, குப்பைப் பை, முழங்கால் வரைக்கும் பூட்ஸ். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனோம். இரண்டு மணி நேரத்தில் பதினொரு பை நிரம்பியது. மீன்பிடிக்கிறவர்கள் போட்டதும் இருந்தது, கடல் கொண்டுவந்ததும் இருந்தது. ஆனால் எங்களை அமைதியாக்கியது நம் சாமான்கள்தான். எண்ணெய் பாக்கெட், கற்பூர டப்பா, குங்குமப் பொட்டலம், சாமி படம் அச்சிட்ட ஊதுபத்திக் கவர். மாலையில் பூ மட்கிப்போகிறது, கட்டிய நைலான் கயிறு வேரை இறுக்கிக்கொண்டு அப்படியே இருக்கிறது.

அதையெல்லாம் வேரடியில் குவித்து வைத்து, ஃபில்டர் போடாமல், ஒரே ஒரு படம் எடுத்தேன். எடுப்பதற்கு முன் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். யார் சொல்லியும் இல்லை. கை தானாகக் கும்பிட்டது.

அந்தப் படத்தைப் புலனத்தில் போட்டேன். பாராட்டு வரும் என்று நினைத்தேன். குழுவில் ஒரு பெரியவர், "தம்பி, மத்தவங்க பார்த்தா நம்ம சமயத்தைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று வருத்தத்தோடு எழுதினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் சடங்கைக் கேலி செய்யக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் பொதுக் குழுவிலிருந்து படத்தை எடுத்துவிட்டு, இரண்டு படங்களையும் அச்சிட்டு, அங்கே கரகம் விடும் கோயில் நிர்வாகத்திடம் நேரில் காட்டினோம். அழகான படத்தை முதலில் காட்டினோம், பிறகு மற்றதை. செயலாளர் ஐயா ரொம்ப நேரம் பேசவில்லை. இந்த ஆண்டுத் திருவிழாவில், தண்ணீரில் விடும் முன் கவரையெல்லாம் கழற்றிப் போட இரண்டு தொட்டிகள் வைத்தார்கள். மாலைக்கு இன்னும் நைலான் கயிறுதான் வருது. வேலை பாதிதான் முடிந்திருக்கு.

இந்த மாதப் பயிற்சி

இதற்குப் பெரிய கேமரா தேவையில்லை. கைப்பேசி போதும்.

1. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தையோ, ஆற்றையோ, கடற்கரையையோ தேர்ந்தெடுங்கள். நான்கு வாரமும் அதே இடம்.

2. முதல் வாரம் படம் எடுக்க வேண்டாம். பத்து நிமிடம் உட்காருங்கள். மனசுக்குத் தோன்றுகிற மந்திரத்தைச் சொல்லுங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள்.

3. இரண்டாம் வாரம் ஒரே ஒரு படம். எடுக்கும் முன் மனதில் அதை முழுதாகப் பாருங்கள்.

4. மூன்றாம் வாரம், போன வாரம் சட்டத்துக்கு வெளியே விட்டது எதுவோ அதை எடுங்கள்.

5. நான்காம் வாரம் கேமராவை வைத்துவிட்டு, அந்த இடத்துக்கு உங்களால் முடிந்த ஒரு சேவை செய்யுங்கள்.

வட்டத்தில் கலந்து பேச

உங்கள் வீட்டுப் பூசைச் சாமான்களில் மண்ணில் மட்காதவை எவை? அவற்றுக்கு மாற்று என்ன?

உங்கள் கோயிலின் தலவிருட்சம் எது? அது இப்போது எப்படி இருக்கிறது?

நம் குறையை வெளியே காட்டுவது சமயத்தை அவமதிப்பதா, சமயக் கடமையா?

முடிக்கும் முன் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாவது படத்தையும் அவரிடம் காட்டினேன். "இதைச் சாமி ரூமுல மாட்டவா பாட்டி?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "அங்க வேணாம்யா. நீ படிக்கிற மேசையில வை. அடுத்த வாட்டி போகும்போது எனக்கும் ஒரு கையுறை வாங்கிட்டு வா" என்றார்.

அடுத்த துப்புரவுப் பணி திருவிழா முடிந்த மறுநாள். விவரம் கிளைச் செயலாளரிடம் இருக்கு. வாங்க, சேர்ந்து போவோம்.